ஆன்லைன் குழுப் பயிற்சியா, நேரடிப் பயிற்சியா? மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்களை ஒரே குழுவாகக் கலந்து பயிற்சி கொடுக்கும் வேலையை ஆன்லைனிலும் செய்திருக்கிறேன், நேரிலும் செய்திருக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையும், ஆசிரியர்கள் தனியாக வந்து கேட்கும் சிலவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

குழுப் பயிற்சி என்றால் என்ன? ஒரே ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பாடம் கேட்டால் போதாதா?

போதாது. நர்சிங் மாணவரும் மருத்துவ மாணவரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து மருந்தியல் பாடம் கேட்டால் அது கூட்டு வகுப்பு, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்டம் இதற்கு எளிய விளக்கம் ஒன்றைத் தருகிறது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். பார்மசி மாணவி வாயைத் திறக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லாத வகுப்பில் அவர் வெறும் பார்வையாளர்தான்.

இதெல்லாம் வேலைக்குப் போனால் தானாக வந்துவிடாதா?

சிலருக்கு வரும். வராதவர்களால் யாராவது பாதிக்கப்படுவார்கள்.

இந்தத் துறைக்கு விதை போட்டது மருத்துவமனை இல்லை, விமான ஓடுதளம். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிவிட்ட விமானத்தின் காக்பிட்டில் இருந்த பொறியாளர், எதிரே இருந்த விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை. அடுத்த சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. சந்தேகம் காக்பிட்டுக்குள்ளேயே இருந்தது, அதை அழுத்திச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்த பிறகு 1979-இல் நாசா ஒரு பட்டறை கூட்டியது, விமானக் குழுவினருக்கான பயிற்சி முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

மருத்துவத்தில் இது உறைத்தது இன்னும் தாமதமாக. அமெரிக்க மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனம் 1999-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த எண்ணிக்கையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று இன்றும் சண்டை நடக்கிறது, அது இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் குழுவாக வேலை செய்வதைத் தனித் திறமையாகப் பரவலாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் பயன்படும் டீம்ஸ்டெப்ஸ் என்ற பாடத்திட்டம் 2006-இல் வந்தது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆன்லைனா, நேரிலா, எது நல்லது?

எதைப் பழகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாயால் செய்கிற வேலையை ஆன்லைனில் நன்றாகவே பழகலாம், சில சமயம் நேரில் பழகுவதைவிட நன்றாகவும் வரும். கை, கால், கண் மூன்றும் சேர்ந்து ஓர் அறைக்குள் செய்கிற வேலையை ஆன்லைனில் பழக முடியாது. பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான். எல்லோரையும் அலைய விட்டு ஓர் அறையில் கூட்டி வைத்து ஸ்லைடு காட்டுகிறார்கள், அப்புறம் அவசர சிகிச்சைக் குழு எப்படி நகர வேண்டும் என்பதை ஜூமில் விளக்குகிறார்கள்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

நேரடிப் பயிற்சிதான் ஒரே வழி என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

அமெரிக்காவின் டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 438 மருத்துவ, நர்சிங் மாணவர்களை நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தன. முடிவுகள் 2010-இல் வெளியாயின. ஒரு பிரிவுக்கு நோயாளியைப் போல நடந்துகொள்ளும் விலை உயர்ந்த சிமுலேஷன் பொம்மை, இன்னொன்றுக்கு நடித்துக் காட்டும் பயிற்சி, மூன்றாவதற்கு மாணவர்கள் பட்டனை அழுத்திப் பதில் சொல்லும் விரிவுரை, நான்காவதற்குச் சாதாரண விரிவுரை. நான்கு பிரிவிலும் அறிவும் மனப்பான்மையும் முன்னேறின. எந்த முறையும் மற்றதை முந்தவில்லை.

2020-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவ, நர்சிங் மாணவர்களில் ஒரு பகுதியினரை மெய்நிகர் மருத்துவமனையிலும் மற்றவர்களை நேரடி சிமுலேஷனிலும் பழக்கிவிட்டுச் சோதித்தார்கள். குழுச் செயல்பாட்டில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே, 2008-இல், சுகாதாரக் கல்வியில் இணையவழிக் கற்றலைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஒரு பெரிய கட்டுரை இதைப் போன்ற முடிவுக்குத்தான் வந்தது: ஒன்றுமே சொல்லிக்கொடுக்காததோடு ஒப்பிட்டால் இணையவழி மிக நல்லது, வழக்கமான முறைகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம்.

ஆனால் இவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது, பயிற்சி முடிந்த கையோடு மாணவர் என்ன எழுதுகிறார், என்ன நினைக்கிறார், ஒரு பாவனைச் சூழலில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான். ஆறு மாதம் கழித்து இரவு மூன்று மணிக்கு அதே மாணவர் வார்டில் வாயைத் திறந்து பேசுவாரா என்பது வேறு கேள்வி. வித்தியாசம் தெரியவில்லை என்பதற்கும் வித்தியாசமே இல்லை என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

ஆன்லைனில் எது உண்மையிலேயே நன்றாக வரும்?

போன் பேசுவது. சிரிக்காதீர்கள். மருத்துவமனையில் ஆபத்தான பேச்சுகள் பலவும் முகம் பார்க்காமல்தான் நடக்கின்றன. வார்டிலிருந்து டியூட்டி டாக்டருக்கு, லேபிலிருந்து வார்டுக்கு, பார்மசியிலிருந்து நர்ஸ் ஸ்டேஷனுக்கு, எல்லாம் போன்தான். இதைப் பழக இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பதுதான் செயற்கை. கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துப் பழகினால் அது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

முதல் முறை மாணவர்கள் பேசுவது இப்படி இருக்கும்: "டாக்டர், ஆறாம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார், கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" மறுமுனையில் டாக்டராக நடிக்கும் மாணவரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பேன், நீ இன்னொரு வேலையில் இருக்கிறாய், உனக்குப் பொறுமை இல்லை என்று. அவர் "ஒரு மாதிரின்னா?" என்று கேட்பார். இந்தப் பக்கம் மௌனம்.

அப்புறம் எஸ்பார் (SBAR) என்ற பேச்சு முறையைச் சொல்லிக்கொடுப்போம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள், இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த பழக்கம் இது. இரண்டாம் சுற்றில் அதே மாணவி பேசுவது: "டாக்டர், சர்ஜரி வார்டிலிருந்து நர்ஸ் பேசுறேன். ஆறாம் பெட் பேஷண்டுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 28, பிபி 90-க்கு 50, டெம்பரேச்சர் 38.9. நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர், காலையில் வரைக்கும் நல்லா இருந்தார். செப்சிஸ்னு சந்தேகப்படுறேன். பத்து நிமிஷத்துக்குள்ள நீங்க வந்து பார்க்கணும். அதுக்குள்ள கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து வைக்கவா?" அரை நிமிடம்கூட ஆகவில்லை. (செப்சிஸ் என்றால் தொற்றால் உடல் உறுப்புகளே கெடத் தொடங்கும் ஆபத்தான நிலை, கல்ச்சர் என்றால் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை.) மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். எண்களை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "சந்தேகப்படுறேன்", "வரணும்" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் பேச்சையும் இதே போல ஆன்லைனில் பழகலாம். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையை 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பயிற்சியோடு கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-இல் பதிவானது.

எது சுத்தமாக வராது?

இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி ஐந்து பேர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். அழுத்துகிறவருக்குத் தன் கை தளர்வது தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் வியர்வையையும் முழங்கை மடங்குவதையும் பார்த்து, சொல்லாமலே அடுத்த பக்கம் போய்த் தயாராக நிற்பார். இதை எந்தத் திரையிலும் பழக்க முடியாது.

ஒரு முறை இப்படி ஒரு நேரடிப் பயிற்சியில் பார்மசி மாணவி ஒருவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். மருந்தின் அளவு தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, பிறகு கேட்டபோது சொன்னார். "ஏன் சொல்லவில்லை?" என்றால், "பெட் கிட்ட இடமே இல்ல சார்." கட்டிலைச் சுற்றி யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் குழு என்று அந்த அறை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆன்லைனில் எல்லோருக்கும் ஒரே அளவு கட்டம்தான், சுவரே கிடையாது. கேட்க நல்ல விஷயம்தான். ஆனால் வார்டில் சுவர் உண்டு, அதைத் தாண்டி முன்னால் வந்து நிற்பதையும் பழகித்தான் ஆக வேண்டும்.

இரைச்சலும் அப்படித்தான். மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உயிரைக் காக்கும். "ஃபிஃப்டீன்" என்று காதில் விழுந்தது "ஃபிஃப்டி"யாகவும் இருக்கலாம். அதனால்தான் "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். ஆன்லைனில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். தேவை புரிவது நேரில்தான்.

கேமராவைக் கட்டாயம் போடச் சொல்லலாமா?

நான் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டில் தனி அறை இல்லாதவர்கள், நெட் இழுத்து இழுத்து வருபவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். முதல் ஐந்து நிமிட அறிமுகத்துக்கும் கடைசிக் கலந்துரையாடலுக்கும் மட்டும் போடச் சொல்லிக் கேட்பேன். நடுவில் குரல் போதும்.

ஆன்லைன் வகுப்பில் சின்னக் குழுக்களாகப் பிரித்து அனுப்பும் பிரேக்அவுட் ரூமுக்குள் போனதும் எல்லோரும் ஊமையாகிவிடுகிறார்கள். என்ன செய்வது?

அது மாணவர்களின் குற்றம் மட்டும் இல்லை. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க சராசரியாக 200 மில்லி விநாடிதான் ஆகிறது. அதாவது முன்னவர் முடிக்கப் போகிறார் என்று முன்பே கணித்துவிடுகிறோம். இணையத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வந்தாலே இந்தக் கணக்கு குலைந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், இரண்டு பேரும் "சாரி, நீங்க சொல்லுங்க" என்பார்கள், அதற்கப்புறம் யாருமே பேசமாட்டார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ரூமுக்குள் அனுப்பும் முன்பே யார் முதலில் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிவிடுங்கள், அது மருத்துவ மாணவராக இருக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு தகவலைத் தனித்தனியாகக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு பார்மசி மாணவரிடம் மட்டும், குடும்பத்தார் சொன்னது நர்சிங் மாணவரிடம் மட்டும், நடக்கும்போது மூச்சு வாங்குவது பிசியோதெரபி மாணவரிடம் மட்டும். எல்லாவற்றையும் சேர்க்காமல் விடை கிடைக்காது என்றால் பேசித்தான் ஆக வேண்டும். "கலந்து ஆலோசியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பத்து நிமிடம் மௌன அஞ்சலிதான் நடக்கும்.

சீனியர் தவறு செய்கிறார் என்று தெரிகிறது. எப்படிச் சொல்வது? இதைப் பழக எது நல்லது?

டீம்ஸ்டெப்ஸில் இதற்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது", அதற்கு மசியவில்லை என்றால் "எனக்கு இது சரியாகப் படவில்லை", அதற்கும் மசியவில்லை என்றால் "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை, கொஞ்சம் நிறுத்துங்கள்." ஒரு முறை சொல்லிக் காது கொடுக்கவில்லை என்றால் இரண்டாம் முறையும் சொல்வது உங்கள் பொறுப்பு. அப்போதும் கேட்கவில்லை என்றால் அடுத்த மேலிடத்துக்குப் போக வேண்டும்.

வார்த்தைகளைப் பழக ஆன்லைன் நல்லது. பயம் குறைவு, பத்து முறை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்பதை ஆறடி உயரத்தில் முறைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்துச் சொல்வது வேறு அனுபவம். அதனால் நான் இரண்டு கட்டமாகச் செய்வேன். வார்த்தை ஆன்லைனில், துணிவு நேரில். நேரில் சீனியராக நடிக்க மாணவரைப் போடாமல் உண்மையான ஒரு சீனியரையே கூப்பிடுவேன். தவறாக நடிக்கப் போகிறோம் என்று அவருக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அப்புறம் உற்சாகமாகிவிடுவார்.

மெய்நிகர் காட்சியைக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட், பேசுகிற பொம்மை, இதெல்லாம் வாங்க வேண்டுமா?

காசு மிச்சம் இருந்தால். மேலே சொன்ன 438 பேர் ஆய்வை இன்னொரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழுவாகப் பேசுவதைப் பழகச் சாதாரண பொம்மையும் பிபி எண்களைத் தாளில் எழுதிக் காட்டும் ஓர் ஆளும் போதும். ஹெட்செட்டில் சிலருக்குத் தலைசுற்றும், அதற்கும் மாற்று ஏற்பாடு வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி எவ்வளவு நேரம், எத்தனை பேர்?

நேரில் ஐந்தாறு பேர், ஆன்லைனில் நான்கைந்து பேர். அதற்கு மேல் போனால் ஒருவர் ஒளிந்துகொள்வார். நோயாளியை வைத்து நடித்துப் பழகும் காட்சி பதினைந்து நிமிடம் ஓடினால் அதற்குப் பிந்தைய பேச்சுக்கு முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

அந்தப் பிந்தைய பேச்சு, அதாவது டீபிரீஃபிங், எதற்கு அவ்வளவு நேரம்?

கற்பது அங்கேதான் நடக்கிறது. காட்சி ஓடும்போது மாணவர் தப்பித்தால் போதும் என்று இருப்பார். நடத்துகிறவர் "ஏன் ஆக்சிஜன் போடவில்லை?" என்று கேட்டால் அது விசாரணை. "மூச்சு வேகமாக இருந்தபோது நீங்கள் முதலில் பிபி பார்க்கப் போனதைக் கவனித்தேன். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டால் பதில் வரும். சில சமயம் ஆச்சரியமான பதில் வரும், "ஆக்சிஜன் போடுவது நர்ஸ் வேலை என்று நினைத்தேன், அவர் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்று.

இதில் ஆன்லைனுக்கு ஒரு பலம் உண்டு. காட்சி பதிவாகியிருக்கும், சொன்னேன் சொல்லவில்லை என்ற வாதத்துக்கே இடமில்லை. பலவீனமும் உண்டு. கண் கலங்கி உட்கார்ந்திருப்பவர் சின்னக் கட்டத்தில் தெரியமாட்டார், மீட்டிங்கை முடித்ததும் அவர் தன் அறையில் தனியாக இருப்பார். நேரில் என்றால் யாராவது ஒருவர் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து போவார்கள். ஆன்லைனில் நோயாளி இறக்கும் காட்சியை வைத்தால் முடிந்த பிறகு தனித்தனியாகப் போன் போட்டு விசாரியுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரியும்?

கடைசியில் கொடுக்கும் ஐந்து நட்சத்திரப் படிவம், பயிற்சி பிடித்திருந்ததா என்று மட்டும்தான் சொல்லும். கற்றார்களா, நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா என்று அதற்கு மேல் மூன்று படிகள் இருக்கின்றன. கடைசிப் படிவரை போன ஆய்வுகள் குறைவு. அப்படி ஒன்று 2010-இல் வந்தது: அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்த 74 இடங்களில் ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது, பயிற்சி போய்ச் சேராத இடங்களில் 7 சதவீதம். அவர்கள் மாணவர்கள் இல்லை, தினமும் சேர்ந்து வேலை செய்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பயிற்சிக்குப் பிறகு பதிவாகும் தவறுகள் கூடினால் உடனே பதறாதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது நல்ல குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகக் கணக்கில் வந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் என்று சொல்ல முடியாது, தவறை மறைக்காமல் வெளியே பேசியதுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது.

இரண்டையும் கலந்து நடத்தினால்?

அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். முதல் வாரம் ஆன்லைனில் அறிமுகம், ஒவ்வொருவரும் தன் படிப்பில் என்ன செய்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வது, எஸ்பார் பழகுவது. கல்லூரிகள் வேறு வேறு ஊரில் இருந்தாலும், நான்கு கால அட்டவணைகள் மோதிக்கொண்டாலும் இது நடக்கும். நேரில் ஒரே ஒரு அரை நாள் கிடைத்தால் போதும், அதில் ஒரு ஸ்லைடுகூடப் போடக் கூடாது, முழுக்கக் காட்சிகள்தான். அதே ஆட்கள் அதே குழுவாக இருக்க வேண்டும். ஆன்லைனில் ஒரு குழு, நேரில் இன்னொரு குழு என்று கலைத்துப் போட்டால் அறிமுகமான பலனெல்லாம் போய்விடும்.

எங்கள் கல்லூரியில் இரண்டுமே இல்லை. மாணவனாக நான் என்ன செய்யலாம்?

வேறு படிப்பு படிக்கும் ஒரு நண்பரைப் பிடியுங்கள். வாரம் ஒரு முறை போன் போட்டு, அன்று வார்டில் பார்த்த ஒரு நோயாளியை, பெயரோ அடையாளமோ சொல்லாமல், எஸ்பார் வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். நண்பர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும், எது விட்டுப்போனது என்று பாருங்கள். அடுத்த வாரம் அவர் சொல்வார், நீங்கள் கேட்பீர்கள். வார்டில் பார்மசிஸ்ட் வரும்போது கூடவே நின்று அவர் எந்த மருந்துச்சீட்டைத் திருப்பி அனுப்புகிறார், ஏன் என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.